சென்னை – சிங்கப்பூர்: பெரியவர்களோடு போனால் பகல் விமானமே நல்லது

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அம்மாவை இரவு விமானத்திலும் கூட்டிப் போயிருக்கிறேன், பகல் விமானத்திலும் கூட்டிப் போயிருக்கிறேன். இரண்டுமே நேரடி விமானம்தான். இரவுப் பயணத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் என்னால் கொடுக்க முடியாது.

இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6 மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் பார்த்தால், நன்றாகத் தூங்கிவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றும். எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவரும் "ஏழு மணி நேரம், அம்மா தூங்கிடுவாங்க" என்றார். ஆனால் அந்த 6 மணி சிங்கப்பூர் நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் தெரியும் ஆறேமுக்கால் மணி நேரத்தில் அதைக் கழித்தால் மிஞ்சுவது நாலேகால் மணி நேரம்தான்.

வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. டிக்கெட்டில் போடும் நேரம் சென்னையில் கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கேட்டில் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

அப்புறம் தூங்க எங்கே நேரம்? மேலே ஏறியதும் சாப்பாடு வரும், தட்டை எடுக்கும்வரை விளக்கு எரியும். கண்ணை மூடினால், இறங்கப் போகிறோம், இருக்கையை நிமிர்த்துங்கள் என்று எழுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு முட்டி வலி வேறு. காலை நீட்டவும் முடியாமல், தூங்கவும் முடியாமல் உட்கார்ந்தே வந்தார். இறங்கும்போது அவர் உடம்புக்கு மணி அதிகாலை மூன்றரை. சிங்கப்பூரில் ஏழு மணி வாக்கில்தான் விடியும் என்பதால் வெளியே இன்னும் இருட்டு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் போய்ப் படுத்துவிடலாம். ஹோட்டலில் தங்குபவர்களுக்குப் பெரும்பாலும் மதியம் 2, 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். அதுவரை வயதானவர்களை எங்கே உட்கார வைப்பது?

பகல் விமானம் வேறு மாதிரி. காலையில் ஏறினால் மாலைக்குள் வீடு போய்விடலாம், ராத்திரித் தூக்கம் கெடாது. ஜன்னல் இருக்கை கேட்டு வாங்குங்கள். பாதை வங்கக் கடலைத் தாண்டி, நிக்கோபாருக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் நடுவே புகுந்து, மலாக்கா நீரிணைப் பக்கமாகப் போகும். மேகம் இல்லாத நாளில், இறங்கும்போது சிங்கப்பூரைச் சுற்றி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பார்க்கலாம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார், வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பகல் விமானத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண்.

திரும்பும்போது அந்த இரண்டரை மணி நேரம் நமக்கே கிடைத்துவிடும். இரவு 8 மணிக்கு ஏறினால் சென்னை நேரப்படி பத்து மணி வாக்கில் இறங்கலாம். அதனால் வரும்போது மாலை விமானத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் இதற்காகச் சென்னை வர வேண்டாம். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் உண்டு, தூரமும் ஏறக்குறைய இதேதான். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.