புறாவுக்கு வலையா, முள் பட்டையா, இல்லை சோற்றை நிறுத்துவதா?

அடுக்குமாடி அசோசியேஷன் கூட்டத்தில் புறா பேச்சு வந்தால் போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். பால்கனிகளுக்கு வலை கட்டலாம் என்பது ஒன்று. வலை கட்டினால் கூண்டு மாதிரி ஆகிவிடும், சன்ஷேட் விளிம்பில் முள் பட்டை ஒட்டினால் போதும் என்பது இன்னொன்று. இடையில் ஒருவர், ஒலி எழுப்பிப் புறாவை விரட்டும் என்று ஆன்லைனில் பார்த்த சத்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வார். மொட்டை மாடியில் தினமும் அரிசி இறைப்பவர் மட்டும் வாயே திறக்க மாட்டார்.

பேச்செல்லாம் விலையையும் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதையும் சுற்றித்தான் போகும். நான் இவற்றை வேறு கேள்வி வைத்துப் பார்க்கிறேன்: நம் மூச்சுக்குள் போகும் எச்சத் தூளை எது குறைக்கிறது?

ஏனென்றால் ஆபத்து அங்கேதான் அதிகம். ஈரமாகக் கிடக்கும் எச்சம் அருவருப்பாக இருந்தாலும் அவ்வளவு பயமில்லை. காய்ந்து பொடியாகி, இறகிலிருந்து உதிரும் வெள்ளை மாவோடு சேர்ந்து காற்றில் ஏறும்போதுதான் தொல்லை. அதிலுள்ள புரதங்களை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலருடைய நுரையீரல் ஒவ்வாமையால் வீங்கும். டாக்டர்கள் இதை ஹைபர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்பார்கள். இது தொற்று இல்லை, அதனால் ஆன்டிபயாடிக் கேட்காது. விடாத வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல் என்று ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும். விழுந்த தழும்பு திரும்ப ஆறாது.

இந்தியாவில் நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரை 2012 முதல் 2015 வரை பதிவு செய்து ஆராய்ந்தபோது, 47.3 சதவீதம் பேருக்கு இந்த நோய்தான் இருந்தது. பழியை முழுக்கப் புறா மேல் போட முடியாது. அந்த ஆய்வில் ஏர்கூலர்தான் முன்னால் நின்றது, பறவைகளும் பட்டியலில் இருந்தன.

எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இன்னொன்று. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. உறுப்பு மாற்று செய்தவர்கள், கீமோ எடுப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்களுக்கு மூளையுறை வரை போகக்கூடியது. ஒரு பிளாக்கில் இப்படி ஒருவராவது இருப்பார், அது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்காது.

சரி, வலைக்கு வருவோம். நான்கு வழிகளில் புறாவை நிஜமாகவே உள்ளே வராமல் தடுப்பது இது ஒன்றுதான். 50 மில்லிமீட்டர் கண் இருந்தால் புறா நுழையாது, சிட்டுக்குருவி தாராளமாகப் போய்வரும். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்றுதான் பேசுவார்கள். அப்போது விலையை மட்டும் கேட்காமல், வெயில் தாங்கும் நூலா என்று கேட்க வேண்டும். சாதாரண நைலான் நம் ஊர் வெயிலில் நொறுங்கத் தொடங்கிவிடும். வலை தோற்பது பெரும்பாலும் நடுவில் இல்லை, ஓரத்தில்தான். மழைநீர்க் குழாய் போகும் மூலையில் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள், அல்லது ஏசி சர்வீஸுக்கு வந்தவர் அவுட்டோர் யூனிட்டைத் தொட வலையை அறுத்துவிட்டு, கட்டாமல் போயிருப்பார். அதில் நுழைந்த புறா வெளியே போக வழி தெரியாமல் சிக்கிச் செத்தால், அப்புறம் அதையும் நாம்தான் அள்ள வேண்டும்.

வலைக்குப் பெரிய குறை வேறு இருக்கிறது. உங்கள் பால்கனியை மூடினால் புறா ஊரை விட்டுப் போவதில்லை, ஓடிஎஸ் டக்ட்டுக்கு, அதாவது கட்டடத்தின் நடுவே காற்றுக்காக மேலே திறந்து விட்டிருக்கும் இடைவெளிக்கு, போகிறது. அங்கே அவுட்டோர் யூனிட் மேல் நாலு ஈர்க்குச்சி, ஒரு ஒயர்த் துண்டு போட்டு இரண்டு முட்டை இடும். சுமார் பதினெட்டு நாளில் பொரிக்கும், குஞ்சு பறக்க இன்னும் நான்கைந்து வாரம். அது பறப்பதற்குள் அடுத்த ஈடு முட்டைகூட விழுந்துவிடும். பாத்ரூம், சமையலறை ஜன்னல்கள் திறப்பது அந்த டக்ட்டுக்குள்தான். பால்கனி பளிச்சென்று இருக்கும், வீட்டுக்குள் வரும் காற்றில் தூள் கூடியிருக்கும். தனித்தனியாக அவரவர் வலை கட்டுவதைவிட டக்ட்டின் தலைப்பில் ஒரே வலையாக அடைப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். அடைக்கும் முன் உள்ளே கூடு, குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

முள் பட்டை மலிவு, கண்ணை உறுத்தாது. பைப் மேலும், ஒடுக்கமான விளிம்பிலும் நன்றாகவே வேலை செய்யும். அகலமான சன்ஷேட்டில் ஒரே ஒரு வரிசை ஒட்டினால் புறா அதன் பின்னால் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். குச்சிகளை முள் இடுக்கில் சொருகிக் கூடு கட்டுவதும் உண்டு. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் மேக்பை பறவைகள் கட்டடத்தில் ஒட்டியிருந்த முட்களையே பிடுங்கிக் கூடு கட்டியிருந்ததை 2023-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். உடல்நலக் கணக்கில் முள்ளுக்கு நான் குறைந்த மதிப்பெண்தான் தருவேன். உட்காரும் இடத்தை நாலடி தள்ளிவைக்கும், அவ்வளவுதான்.

சத்தப் பெட்டி, புறா உட்காராமலிருக்க விளிம்பில் தடவும் ஒட்டும் ஜெல், பிளாஸ்டிக் ஆந்தை மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மனிதக் காதுக்கு எட்டாத அல்ட்ராசோனிக் ஒலி புறாக் காதுக்கும் எட்டாது. ஜெல் மேல் தூசி படிந்தால் ஒட்டாது. ஆந்தை சில நாள் பயமுறுத்தும், பிறகு அதன் தலைமேலேயே எச்சம் இருக்கும். விஷம் வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

மிச்சம் இருப்பது சோறு. செலவே இல்லாதது, ஆனால் சண்டை அதிகம். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரம் 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றும் எண்ணிக்கை இருபதாயிரத்திலேயே நின்றது. 1988-இல், இரை போடாதீர்கள் என்று மக்களிடம் பிரசாரம் தொடங்கி, கண்காணிப்பில் சில புறா மாடங்களையும் வைத்தார்கள். நான்கு வருடத்தில் ஏறக்குறைய பாதியானது. இரை குறைந்தால் குஞ்சு குறையும், கணக்கு அவ்வளவுதான். வெனிஸ் 2008-இல் செயின்ட் மார்க் சதுக்கத்தில் தானியம் விற்பதை நிறுத்தியது. மும்பையில் 2025 ஜூலையில் கபூதர்கானாக்களை, அதாவது புறாவுக்கு இரை போடும் பொது இடங்களை, மூட அரசு சொன்னதும், ஆகஸ்டில் தாதரில் போராட்டக்காரர்கள் மறைத்துக் கட்டிய தார்ப்பாயையே கிழித்தார்கள்.

நம் ஊரிலும் இது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். காக்கை சாப்பிட்டதும் மிச்சத்தை எடுத்துவிடச் சொல்லலாம். தினமும் கிலோக்கணக்கில் கம்பும் அரிசியும் கொட்டுவது வேறு விஷயம். அதை அசோசியேஷன் நேரடியாகப் பேசித்தான் ஆக வேண்டும்.

என்னிடம் பணப் பொறுப்பு இருந்தால் முதலில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளின் மூடியைப் பார்ப்பேன். 1993-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிடியன் என்ற சிற்றூரில், புறாக்கள் புகுந்த தண்ணீர்த் தொட்டி வழியாக சால்மொனெல்லா என்ற பாக்டீரியா பரவி நூற்றுக்கணக்கானோர் நோயில் படுத்தார்கள், முதியோர் இல்லத்தில் ஏழு பேர் இறந்தார்கள். மூடி, அடுத்தது டக்ட், அதோடு கூடவே இரை நிறுத்தம். பால்கனி வலை அவரவர் விருப்பம். முள் கடைசியில்.

எந்தக் கொட்டேஷனை எடுத்தாலும் ஒரு வரி விடுபட்டிருக்கும். வலை கட்டும் முன் பழைய எச்சத்தை அள்ள வேண்டும், அது வழக்கமாகப் பெருக்கவரும் அம்மாவின் தலையில் விழும். அவர் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு விளக்குமாற்றால் வரட்வரட்டென்று பெருக்குவார், மொத்தத் தூளும் அவர் நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு சுரண்டிப் பையில் கட்டி, பிறகு பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். என்95 மாஸ்க், கையுறை அசோசியேஷன் செலவில். ஆஸ்துமா இருப்பவர் யாரும் அந்த வேலைக்குப் போகக் கூடாது.