புது கார் வாங்கியவர்களே, சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்

நேற்று சாயங்காலம் ஏழாவது முறையாக சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டியை எடுத்து வந்தேன். நாலு கிலோமீட்டர்கூட வரவில்லை, ரயில்வே கேட் தாண்டி ஏறும்போது இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் ஒரு டவுன் பஸ். அந்த டிரைவர் சுதாரித்து பிரேக் அடித்ததால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. எழுத்து கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

9 லட்சத்து 68 ஆயிரம் ரூபாய். அதில் 7 லட்சம் பேங்க் லோன். மீதி என் மனைவி கட்டிவந்த சீட்டுப் பணமும், அம்மா கொடுத்த இரண்டு வளையல்களும். வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. மாதாமாதம் 14 ஆயிரத்து 500 சொச்சம் தவணை மட்டும் ஒரு நாள் தவறாமல் போகிறது.

எந்த கம்பெனி, எந்த ஷோரூம் என்று இப்போது எழுதவில்லை. நோட்டீஸ் போகும்வரை பெயரை வெளியில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெரிய கம்பெனி, அங்கீகாரம் பெற்ற ஷோரூம், ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. அது போதும்.

ஆடியில் தள்ளுபடி தருகிறார்கள் என்று புக் செய்தோம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுத்தோம். அந்தக் காலை இன்னும் கண் முன்னால் நிற்கிறது. சிவப்புத் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். அம்மாவை முன்னால் கூப்பிட்டுத் துணியை விலக்கச் சொன்னார்கள், கேக் வெட்டினார்கள், அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது அந்த சேல்ஸ் தம்பிதான். "அம்மா, ஏதாவதுன்னா ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட எனக்கு போன் பண்ணுங்க, உங்க பையன் மாதிரி நினைச்சுக்குங்க" என்றான். அம்மா அவன் கையில் ஐந்நூறு ரூபாய் வைத்துக் கொடுத்தார். டெலிவரி பேப்பர்களில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னானோ அங்கெல்லாம் போட்டேன். ஒன்றையும் படிக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

இருபத்து மூன்றாம் நாள், 1,140 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பழனிக்குப் போகிறோம். ஒட்டன்சத்திரம் தாண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தபோது ஆக்சிலரேட்டர் மிதிக்கிறேன், வண்டி இழுக்கவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. ஸ்டீயரிங் கனத்துவிட்டது. பிரேக் முதல் மிதியில் பிடித்தது, அடுத்த மிதியில் பெடல் கல்லு மாதிரி இறுகிவிட்டது. எப்படியோ ஓரம் கட்டினேன். பின் சீட்டில் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும். ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

அந்த சேல்ஸ் தம்பிக்கு போன் செய்தேன். "சர்வீஸ்ல விடுங்க சார், பார்த்துடுவாங்க." அதற்குப் பிறகு அவன் என் போனை எடுத்ததே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதல் தடவை "ஸ்கேனர்ல எரர் ஒண்ணும் காட்டலை சார், பெட்ரோல் சரியில்லாம இருக்கும், பங்க் மாத்திப் பாருங்க." மாற்றினேன். இரண்டாவது தடவை "புது வண்டி செட் ஆக அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஆகும்." மூன்றாவது தடவை "நீங்க இதுவரைக்கும் கியர் வண்டி ஓட்டினவர், ஆட்டோமேட்டிக் ஓட்டற பழக்கம் வரலை." பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஓடுகிற வண்டியில் இன்ஜின் அணைவதற்கும் என் பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நாலாவது தடவை ஃப்யூயல் பம்ப் மாற்றினார்கள். பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியது. பதின்மூன்றாம் நாள் மறுபடியும் நின்றது. ஐந்தாவது தடவை சாஃப்ட்வேர் அப்டேட். ஆறாவது தடவை கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் போனேன். நேற்றோடு ஏழு.

கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு நாலு மெயில் போட்டேன். உங்கள் புகார் எண் இது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம் என்று பதில் வரும். தொடர்புகொள்வது அதே ஷோரூம் ஆள்தான். "ஏன் சார் மேல எழுதறீங்க, நாங்க பார்த்துக்க மாட்டோமா?"

வண்டியை மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் 9 லட்சத்து 68 ஆயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று போன வாரம் மேனேஜரிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு சர்வீஸுக்கும் பிறகு ஒரு பெண் போன் செய்து எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்பார். அதற்கு முன்னாலேயே, சர்வீஸில் நம்மிடம் வண்டியை வாங்கிக்கொள்ளும் அட்வைசர் கெஞ்சுவார்: "சார், பத்துக்குப் பத்து சொல்லுங்க, ஒன்பது சொன்னாக்கூட என் இன்சென்டிவ் போயிடும்." பாவம், பிள்ளைகுட்டிக்காரர் என்று நாலு தடவை பத்து சொல்லியிருக்கிறேன். அந்த நாலு பத்தையும்தான் மேனேஜர் காட்டினார். "நீங்களே திருப்தின்னு சொல்லியிருக்கீங்களே சார்?" கேஸ் போடுவேன் என்றேன். "தாராளமா போடுங்க. ஆனா எங்க ஹெட் ஆபீஸ் இருக்கிற ஊர்லதான் போடணும், பில்லுக்குப் பின்னாடி இருக்கு, படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

அது பொய். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இன்று காலை வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஏழு மாதம் முன்னாலேயே தெரிந்திருந்தால் இவ்வளவு கெஞ்சியிருக்க மாட்டேன். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணம் லட்சக்கணக்கில் ஆகும் என்று பயந்துகொண்டிருந்தேன். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். என் வண்டிக்கு 200 ரூபாய்தான். ஆன்லைனிலும் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதைக் கவனியுங்கள். அவர்கள் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுப்பது ஒவ்வொரு நாளும் நம் கணக்கில்தான் கழிகிறது.

ஆனால் அதே வக்கீல்தான் என் வயிற்றில் புளியையும் கரைத்தார். வண்டியை விடும்போது நம் புகாரை எழுதி, நம்மிடம் கையெழுத்து வாங்கும் தாள்தான் ஜாப் கார்டு. அந்த ஏழு ஜாப் கார்டையும் மேஜையில் வரிசையாக வைத்தார். பென்சிலை எடுத்து ஒவ்வொன்றிலும் 'கஸ்டமர் கம்ப்ளைன்ட்' என்ற கட்டத்தைப் படித்தார். முதல் கார்டில் 'ஜெனரல் செக்கப்'. அடுத்ததில் 'பிக்கப் குறைவு'. மூன்றாவதில் 'செக்கப், வாட்டர் வாஷ்'. நான் ஒவ்வொரு தடவையும் "ஓடும்போது இன்ஜின் நிற்கிறது" என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எழுதியது இது. நாலாவது தடவை என் மச்சான் கூட வந்து நின்று எழுத வைத்ததிலும், ஆறாவது தடவை இழுத்துக்கொண்டு போனதிலும் மட்டும்தான் இன்ஜின் நின்றது என்று இருக்கிறது. இரண்டே இரண்டு. மீதி ஐந்தில் நாலில் கீழே 'வேலை திருப்தி' என்று அச்சடித்த வரி, அதன் பக்கத்தில் என் கையெழுத்து. நேற்றையதில் கையெழுத்துகூட இல்லை, மொபைலுக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

"ஏழு தடவை ஒரே பழுதுக்கு வந்தீங்கன்னு நீங்க சொல்றீங்க. பேப்பர் ரெண்டு தடவைதான்னு சொல்லுது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அமெரிக்காவில் இப்படி வண்டி மாட்டிக்கொண்டால் மாநிலத்துக்கு மாநிலம் லெமன் லா என்று தனிச் சட்டமே இருக்கிறதாம். இத்தனை தடவை சரிசெய்தும் தீரவில்லை என்றால் மாற்றிக் கொடு, இல்லை பணத்தைக் கொடு என்று. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் சட்டத்திலேயே பழுதை நீக்கு, பொருளை மாற்று, விலையைத் திருப்பிக் கொடு, நஷ்டஈடு கொடு என்று ஆணையம் உத்தரவிட இடம் இருக்கிறது. ஆனால் முழு வண்டியையே மாற்ற வைப்பது லேசில்லை. 2006இல் ஒரு கார் வழக்கில், வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோதான் என்று சொல்லி, வண்டியை மாற்றிக் கொடுக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அதனால் இது தயாரிப்பிலேயே உள்ள குறை, பாகம் மாற்றியும் தீராத குறை என்று நாம் நிரூபிக்க வேண்டும். சோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால் ஆணையமே ஆய்வுக்கு அனுப்பலாம், அந்தச் செலவை முதலில் நாம் கட்ட வேண்டியிருக்கும். அதற்கெல்லாம் அடிப்படை அந்த ஜாப் கார்டுதான். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம்!

நல்லவேளை, அட்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்களும், மஞ்சள் விளக்கு எரியும்போது என் பெரிய பெண் எடுத்த இரண்டு வீடியோக்களும் இருக்கின்றன. அவற்றை அழிக்காதீர்கள் என்று வக்கீல் சொன்னார். திங்கட்கிழமை ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே நோட்டீஸ் போகிறது. ஒருவரை விட்டுவிட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார் என்றார்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே புகாரை எழுத வையுங்கள், எழுதாமல் வண்டியை விடாதீர்கள். ஓடிபி சொல்வதற்கு முன் மொபைலில் வந்ததைத் திறந்து படியுங்கள். யார் கெஞ்சினாலும் பத்து மார்க் போடாதீர்கள். வாயால் சொன்னதை அன்றைக்கே மெயிலிலும் போட்டுவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, முதல் மாதத்திலேயே அதில் பதிவு செய்திருக்க வேண்டும் நான்.

இன்னொன்று. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில், ஒரே மாடலில் ஒரே குறையைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்கள் புகார் செய்தால், வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு மத்திய அரசு உத்தரவிடலாம் என்று இருக்கிறது. அந்தப் புகாரை மத்திய அரசின் வாகன இணையதளமான பரிவாகனில் பதிவு செய்ய வழி வைத்திருக்கிறார்கள். நான் ஒருவன் போட்டால் எண்ணிக்கை ஒன்று. உங்கள் ஆட்டோமேட்டிக் வண்டியும் ஓடும்போது இப்படி நின்றிருந்தால் தேதி, கிலோமீட்டர், எந்த இடம், ஏசி ஓடியதா என்று குறித்துவைத்துத் தயவுசெய்து நீங்களும் போடுங்கள். என் வண்டி வாசலில் நிற்கிறது. அம்மா அதில் ஏற மாட்டேன் என்கிறார்.