உப்பு எவ்வளவு? டிடிஎஸ் மீட்டரும் சில்வர் நைட்ரேட்டும்

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் போர் போட்டால், தண்ணீர் வந்ததா என்பதற்கு அடுத்த கேள்வி, உப்பா இல்லையா என்பதுதான். பதில் சொல்ல இரண்டு வழி: சட்டைப்பையில் அடங்கும் டிடிஎஸ் மீட்டர் (டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு), இல்லையென்றால் லேபில் சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன், அதாவது அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று அளக்கும் சோதனை.

மீட்டரை முக்கினால் சில நொடிகளில் எண் வந்துவிடும். ஆனால் அது உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. கடத்துபவை அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்), அவை சோடியமா கால்சியமா, குளோரைடா பைகார்பனேட்டா என்று அதற்குத் தெரியாது. நாலு ஸ்பூன் சர்க்கரை கரைத்தாலும் எண் பெரிதாக அசையாது, சர்க்கரை அயனியாகப் பிரிவதில்லை. காரணியும் மீட்டருக்கு மீட்டர் மாறும், பெரும்பாலும் 0.5 முதல் 0.7 வரை. 1,000 மைக்ரோசீமன்ஸ் கடத்துதிறன் உள்ள ஒரே தண்ணீருக்கு ஒன்று 500 என்கும், இன்னொன்று 700 என்கும். பக்கத்து வீட்டு மீட்டரோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள்.

டைட்ரேஷன் கேட்பது ஒன்றே ஒன்று: குளோரைடு எவ்வளவு? கடல்நீர் உள்ளே ஏறுகிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. சில்வர் நைட்ரேட்டில் உள்ள ஒரு வெள்ளி அயனி ஒரு குளோரைடு அயனியைப் பிடித்து வெள்ளையாகப் படியும். குளோரைடு தீர்ந்ததும், அடுத்து விழும் வெள்ளி, முன்பே சேர்த்திருந்த பொட்டாசியம் குரோமேட்டோடு கூடிச் செங்கல் நிறம் காட்டும். கரைசலைச் சொட்டவிடும் அளவுக் குழாயான பியூரெட்டை அங்கே நிறுத்த வேண்டும்.

அப்புறம் மோல் கணக்கு. 50 மில்லி தண்ணீருக்கு 0.02 மோலார் (லிட்டருக்கு 0.02 மோல்) சில்வர் நைட்ரேட் கரைசல் 20 மில்லி செலவானால், வெள்ளி 0.4 மில்லிமோல். ஒன்றுக்கு ஒன்று என்பதால் குளோரைடும் அதே அளவு. குளோரைடின் மோல் எடையான 35.45-ஆல் பெருக்கினால் 14.18 மில்லிகிராம், அதாவது லிட்டருக்குச் சுமார் 284. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 ஏற்கத்தக்கது என்பது 250. வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 வரை விடுகிறது.

இதை வீட்டில் செய்ய நினைக்க வேண்டாம். வெள்ளி உப்பு விலை அதிகம், விரலில் பட்டால் கறுக்கும், குரோமேட் நஞ்சு.

என் கணக்கில், போர் போட்டதும் ஒருமுறை டைட்ரேஷன், அதன்பின் ஒரே மீட்டரை வைத்து மாதாமாதம் பார்ப்பது. கோடையில் எண் ஏறினால் மறுபடி லேபுக்கு. பாட்டிலைக் கொடுக்கும்போதே குளோரைடு தனியாக வேண்டும் என்று சொல்லுங்கள்; டிடிஎஸ் மட்டும் எழுதித் தந்தால், கடல்நீரா, கால்சியம் மிகுந்த வெறும் கடினநீரா என்பது அதிலும் தெரியாது.