ஒரு எழுத்துக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்: டேப் பேக்கப் வாங்கப் போகிறவர்கள் கவனம்

போனது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய். பொருளுக்கும் வேலைக்கும் ஒரு லட்சம், ஜிஎஸ்டி பதினெட்டாயிரம். பில் மட்டும் சுத்தமாக இருக்கிறது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னைப் போல யாராவது ஒரு சின்னக் கம்பெனியில், கம்ப்யூட்டர் டேட்டாவைக் காந்த நாடாவில் காப்பி எடுத்து வைக்கிற டேப் பேக்கப் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், காசைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். கணக்கும் நான்தான், கம்ப்யூட்டரும் நான்தான். சீசன் வந்துவிட்டால் காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர் பக்கமிருந்து பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து எடை மேடையில் வரிசை கட்டி நிற்கும். எடைச் சீட்டு, விவசாயி பில், லேபில் பார்க்கிற பிரிக்ஸ் என்கிற இனிப்பு அளவு, எந்த டிரம்மில் எந்த நாள் கூழ் என்கிற பேட்ச் கணக்கு, எல்லாம் ஒரே சர்வரில். ஏற்றுமதிச் சரக்கு. ஆறு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவன் டிரம் நம்பரைச் சொல்லிக் கேட்டால், அது யார் தோட்டத்து லோடு என்பது வரைக்கும் எடுத்துக் காட்ட வேண்டும். ஆடிட்டர் வேறு ஒவ்வொரு முறையும் சொல்வார், ஜிஎஸ்டி கணக்கை 72 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று.

டேப் எதற்கு, இந்தக் காலத்தில் கிளவுடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு கிரானைட் கம்பெனியில் போன வருடம் ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ், புகுந்தது. சர்வரோடு சேர்த்து, அதில் எப்போதும் சொருகியே இருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கையும் பூட்டிவிட்டது. கழற்றி அலமாரியில் வைத்த டேப்பை எந்த வைரஸும் தொட முடியாது. அந்த யோசனையில் இப்போதும் எனக்குத் தப்பு தெரியவில்லை. தப்பு, வாங்கிய இடம்.

டேப்பில் எழுதவும் படிக்கவும் எல்டிஓ என்கிற வகை டிரைவ் வேண்டும். புதிதின் விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் பழைய சர்வர் சாமான்களைச் சரிபார்த்து விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன். தளத்தின் பெயரை எழுதவில்லை. எல்டிஓ 6, அதாவது ஆறாம் தலைமுறை டிரைவ் ஒன்று, புது டேப் பத்து, சுத்தம் செய்கிற டேப் ஒன்று, நேரில் வந்து பொருத்திக் கொடுப்பது, ஒரு வருட வாரண்டி. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். ஒரு டேப்பில் 6.25 டெராபைட் பிடிக்கும் என்று போட்டிருந்தார்கள். அது சுருக்கி எழுதினால் வருகிற கணக்கு. எல்டிஓ 6இன் நிஜக் கொள்ளளவு 2.5 டெராபைட்தான். ஸ்கேன், வீடியோ மாதிரி ஏற்கெனவே சுருங்கிய ஃபைல்களை மேலும் சுருக்க முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தவனைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

மே 12ஆம் தேதி பொருத்துகிற பையன் வந்தான். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும், நல்ல பேச்சு. டிரைவை எங்கள் சர்வரில் இருந்த, பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுகிற ரெய்டு கார்டில் மாட்டிப் பார்த்தான், தெரியவில்லை. உடனே, "அண்ணா, இது ஹார்ட் டிஸ்க்குக்கான கார்டு. டேப்புக்குத் தனியா சாதா எஸ்ஏஎஸ் கார்டு வேணும். கையோட கொண்டாந்திருக்கேன்" என்றான். முழுக்கச் சரியான பேச்சு. எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். தொழில் தெரிந்த ஆள் வந்திருக்கிறான் என்று மனசு குளிர்ந்துபோனது. நான் கவிழ்ந்தது அங்கேதான்.

அப்புறம் அவனே, "பூஜை போட்டு ஆரம்பிச்சுடலாங்கண்ணா" என்றான். ஆபீஸ் சாமி படத்துக்கு முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து வந்து, டிரைவின் நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தான். டேப் நுழைகிற வாய்க்கு நேர் மேலே. முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு ஒரு ஃபோல்டரை டேப்பில் எழுதினான், கம்ப்யூட்டரில் அதை அழித்தான், டேப்பிலிருந்து திரும்ப எடுத்துக் காட்டினான். ஃபைல் திறந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். இந்தக் குங்குமத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

தினமும் ராத்திரி பத்து மணிக்கு, அவன் போட்டுக் கொடுத்த ஸ்கிரிப்ட், அதாவது தானாக பேக்கப் எடுக்கிற கட்டளை ஃபைல், ஓடும். முதலில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா, அடுத்து எடை மேடை, லேப் டேட்டாபேஸ், கடைசியில் ஸ்கேனும் வெட்டி வைத்த சிசிடிவி வீடியோவும் இருக்கிற பெரிய ஃபோல்டர். காலையில் மூன்று வரி வந்திருக்கும், மூன்றிலும் 'வெற்றி'. நான் டேப்பை மாற்றி, பழையதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். மே, ஜூன், ஜூலை முழுக்க இதுதான்.

நடுவில் ஒரு சகுனம் தெரிந்தது, நான்தான் விட்டுவிட்டேன். மொத்த டேட்டா 400 ஜிபி கூட இல்லை. எல்டிஓ 6 நொடிக்கு 160 மெகாபைட் எழுதும். முக்கால் மணி நேர வேலை, சின்ன ஃபைல்கள் இருப்பதால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது விடிகாலை நாலு வரை ஓடியது. வாட்ச்மேன் தாத்தா, "என்ன தம்பி, ராத்திரி பூரா உள்ள மாவு மில்லு ஓடுது?" என்று கேட்டார். டேட்டா வேகமாக வரவில்லை என்றாலோ, எழுதியது சரியாகப் பதியவில்லை என்றாலோ டேப் நிற்கும், பின்னால் போகும், மறுபடி முன்னால் வரும். அந்த இழுபறிச் சத்தம்தான் அது. டேப்பும் தேயும், அதில் எழுதிப் படிக்கிற ஹெட்டும் தேயும். ஜூனில் சுத்தம் செய்யச் சொல்கிற ஆரஞ்சு லைட்டும் எரிய ஆரம்பித்தது. அவர்கள் கொடுத்த கிளீனிங் டேப்பைப் போட்டால் டிரைவ் உடனே வெளியே துப்பியது. பையனைக் கூப்பிட்டேன், அப்போது வந்தான். பையிலிருந்து எலக்ட்ரீஷியன் வைத்திருக்கிற கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, நகத்தளவு கிழித்து, அந்த லைட் மேல் ஒட்டினான். "இது சும்மா எரியுங்கண்ணா, பழைய டிரைவுல சென்சார் அப்படித்தான். கண்டுக்காதீங்க."

நான் கண்டுக்கவில்லை. என்னை என்ன சொல்வது.

ஆகஸ்ட் 8 வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வர் விழுந்தது. நாலு டிஸ்க் ரெய்டு. ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. ஒன்று எப்போதோ போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை, அது என் தப்பு. அன்றைக்கு இரண்டாவதும் போயிற்று. சரி, டேப் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். முதலாளியிடம் "நாளைக்குக் காலையில எல்லாம் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடித்தேன்.

வியாழக்கிழமை ராத்திரி எழுதிய டேப்பைப் போட்டேன். சிசிடிவி வீடியோ வந்தது, வண்டி இன்சூரன்ஸ் ஸ்கேன் வந்தது. டேலி இல்லை, டேட்டாபேஸ் இல்லை. புதன்கிழமை டேப், அதிலும் அதே. பத்து டேப்பையும் போட்டுப் பார்த்து முடிக்கும்போது சனிக்கிழமை மதியம். இரண்டு டேப்பில் வீடியோவும் பாதியில் நின்றது.

ஓசூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற அக்கா பையனுக்கு ஸ்கிரிப்டை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான். "மாமா, ஒரே ஒரு 'என்' போடாம விட்டுட்டாங்க."

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்டி0 (st0) என்று எழுதினால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப் தானாக முதலுக்குச் சுற்றிவிடும். முன்னால் ஒரு 'என்' சேர்த்து என்எஸ்டி0 (nst0) என்று எழுதினால் நின்ற இடத்திலேயே நிற்கும், அடுத்தது அதற்குப் பின்னால் போகும். எங்கள் ஸ்கிரிப்டில் மூன்று வரியிலும் எஸ்டி0. டேலியை எழுதியது, முதலுக்குப் போனது, அதன் மேலேயே டேட்டாபேஸை எழுதியது, மறுபடி முதலுக்குப் போனது, இரண்டின் மேலும் வீடியோவை எழுதியது. மூன்று வேலையும் 'வெற்றி'தானே, பொய் இல்லை. அன்றைக்குப் பொருத்தின பையன் செய்து காட்டியது ஒரே ஃபோல்டர். ஒரு ஃபோல்டருக்கு எஸ்டி0 போட்டாலும் சரியாகத்தான் வரும். மூன்று மாதமாக நான் பூட்டிப் பூட்டி வைத்தது எடை மேடையில் நாய் குறுக்கே போகிற வீடியோவை.

அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தான். ஒரு டேப்பின் லேபிள் ஓரம் தூக்கியிருந்தது. மெல்ல உரித்தான். அடியில் இன்னொரு லேபிள், வேறு நம்பர், மஞ்சளாகிப் போனது. எல்டிஓ டேப்புக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது, எத்தனை தடவை டிரைவில் ஏறியது என்பது அதில் பதிவாகும். படித்துப் பார்த்தோம். 'புத்தம் புதிய' பத்தில் ஏழு டேப் நூறு தடவைக்கு மேல் ஏறி இறங்கியவை. எந்த ஆபீஸ் கழித்துப் போட்டதோ.

இனி பதில் சொன்ன அழகைக் கேளுங்கள். தளத்தின் உதவி நம்பரில், "ரிட்டர்ன் ஏழு நாள் சார், விற்பனையாளரைக் கேளுங்க." விற்பனையாளர், "டிரைவ் ஓடுதுல்ல? அப்ப சாஃப்ட்வேர். பொருத்தின ஆளைக் கேளுங்க." பொருத்தின ஆள் முதல் நாள் கல்யாணத்தில் இருந்தான், இரண்டாம் நாள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான், மூன்றாம் நாள் எடுக்கவே இல்லை. நாலாம் நாள் வேறு நம்பரிலிருந்து அடித்தேன், எடுத்துவிட்டான். டிரைவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் விற்பனையாளரிடமிருந்து மெசேஜ்: போட்டோவில் குங்குமப் பொடி தெரிகிறது, தூசி உள்ளே போயிருக்கிறது, வாடிக்கையாளர் கவனக்குறைவு, வாரண்டி செல்லாது.

குங்குமம் வைத்தவனே அவன்தான் ஐயா! என் ஆபீஸில், என் முதலாளி முன்னால், அவன் விரலால் வைத்தது!

அதைச் சொன்னால், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார்." ஆறு நாளில் முப்பத்தொரு போன். புகாரை அவர்களாகவே 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டு, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வேறு கேட்டிருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையம் போகலாம் என்று வக்கீலிடம் போனேன். கம்பெனி ஜிஎஸ்டி நம்பரில் வணிகத்துக்காக வாங்கியது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர் கணக்கில் வருவது கஷ்டம், சிவில் வழக்குதான் என்கிறார். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடப்பது? முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆர்டரில் இருப்பது என் கையெழுத்து. திட்டியிருந்தால் கூடத் தேவலை.

ஜூன் 11 வரைக்குமான டேலி காப்பி ஒன்று கணக்குப் பிள்ளையின் பென் டிரைவில் தற்செயலாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கில் செலவு செய்த டேப் தரவில்லை, முந்நூறு ரூபாய் பென் டிரைவ் தந்தது. அதற்குப் பிறகு உள்ள இரண்டு மாதத்தை எடைச் சீட்டைப் பார்த்துக் கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். மன்னிக்கவும், அவ்வளவுக்கு இப்போது நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: செய்து காட்டுகிறேன் என்று ஒரு ஃபோல்டரை எடுத்துக் காட்டினால் நம்பாதீர்கள். ஒரு ராத்திரி முழு பேக்கப் ஓடட்டும், மறுநாள் அந்த டேப்பிலிருந்து எல்லாவற்றையும் வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கிப் பாருங்கள், அப்புறம் காசு. மாதம் ஒரு தடவை அதையே திரும்பச் செய்யுங்கள். ஸ்கிரிப்டில் அந்த 'என்' இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். டேப் புதிது என்றால் சிப்பைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், லேபிளை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். லைட் எரிந்தால் எரியட்டும், யாரையும் மேலே ஒட்ட விடாதீர்கள். எல்டிஓ 6 டிரைவ் 5ஆம் தலைமுறை டேப்பில் எழுதும், 4ஐப் படிக்க மட்டும் செய்யும், 7ஆம் தலைமுறை டேப் அதில் வேலைக்கே ஆகாது. அதையும் சொல்லாமல் தலையில் கட்டுவார்கள். சாமி கும்பிடுவதை சர்வர் ரூமுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவை விலைக்குக் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம், இன்னொருவர் தலையில் கட்ட மனசு வரவில்லை. எடை மேடை அக்கா ஜூலை மாதக் கட்டோடு வந்து நிற்கிறார். மழையில் நனைந்த கட்டு, சீட்டு சீட்டாகப் பிரித்து ஃபேன் காற்றில் காயப்போட வேண்டும். 4ஆம் தேதி லோடு எதிலும் எழுத்தே தெரியவில்லை.