சட்டப்பேரவை நிகழ்ச்சி நிரலோடு 9 ஆண்டுகள்: ஓர் ஏரிப் பாசனக்காரரின் அனுபவம்

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நடவு செய்கிற ஊர். பெரிய ஏரி ஒன்று, சித்தேரி இரண்டு. பாசன விவசாயிகள் சங்கத்தில் எழுத்து வேலை எல்லாம் என் பொறுப்பு. 2016 தேர்தல் முடிந்து, ஜூலையில் திருத்த வரவு-செலவுத் திட்டம் தாக்கலானபோது ஒரு பழக்கம் தொடங்கியது. தமிழ்நாடு சட்டப்பேரவை கூடுகிற நாட்களில், அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பேரவையின் இணையதளத்திலிருந்து எடுத்து, எங்களுக்கு வேண்டியதை அடிக்கோடிட்டு, டீக்கடைப் பலகையில் ஒட்டுவேன். நடுவில் உடம்புக்கு முடியாமல் விட்ட சில நாட்களைத் தவிர, 9 ஆண்டுகளாக இது நடக்கிறது.

"இதைப் படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று கேட்காதவர்கள் குறைவு. எனக்கு இதனால் நிறையவே ஆகியிருக்கிறது. ஏமாந்த இடங்களும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதல் ஆண்டில் தடுக்கிவிட்டது ஒரே ஒரு சொல். பலகையில் "மானியக் கோரிக்கை" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். அன்று மாலையே நாலைந்து பேர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "ஏம்பா, மானியம்னு போட்டிருக்கியே, ஏக்கருக்கு எவ்ளோ குடுக்கறாங்க? பேரு எங்க குடுக்கணும்?" என்று கேட்டார் ஒரு பெரியவர். உர மானியம், சொட்டுநீர் மானியம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சொல் வேறு எப்படிப் படும்? ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கான தொகையைப் பேரவையிடம் கேட்டு, பேரவை வாக்களித்து ஒதுக்குவதைத்தான் நிரலில் மானியக் கோரிக்கை என்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவு சொல்கிற நடைமுறை அது. இதை அந்தப் பெரியவருக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆனது. அதன்பிறகு "துறைக்கான பணம் - விவாதம், வாக்கெடுப்பு" என்று கீழே எழுதாமல் ஒட்டுவதில்லை. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இந்த இடத்தை முதலில் தாண்டிவிட வேண்டும்.

நிகழ்ச்சி நிரலால் எனக்குக் கிடைத்த முதல் பெரிய பயனும் மானியக் கோரிக்கையிலிருந்தே வந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. எண் 1 சட்டமன்றம், 5 வேளாண்மை, 19 மருத்துவம், 22 காவல், 43 பள்ளிக் கல்வி. பாசனத்துக்கு எண் 40. ஊரக வளர்ச்சிக்கு 42. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எங்கள் ஊர் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறது. 40 எக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) இருந்தால் அந்த ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். தமிழ்நாட்டில் மொத்தம் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தாலும், நீர்வளத் துறை பார்ப்பது அவற்றில் சுமார் 14,000-தான். எங்கள் பெரிய ஏரி அந்தப் பக்கம், சித்தேரி இரண்டும் இந்தப் பக்கம். சித்தேரி மதகு உடைந்ததற்கு நாங்கள், அப்போது பெரிய ஏரியைப் பார்த்துவந்த பொதுப்பணித் துறைக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தோம். பேரவையில் 42 விவாதத்துக்கு வருகிற நாளில், ஊராட்சி ஏரிகளைப் பற்றி உறுப்பினர்கள் பேசியதைப் படித்த பிறகுதான் மனு போக வேண்டிய கதவு எது என்று புரிந்தது. 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறையைத் தனியாகப் பிரித்தபோது, அந்த மாற்றத்தையும் நிரலில் துறைப் பெயரைப் பார்த்தே எங்கள் ஊரில் பலர் அறிந்தார்கள்.

கூட்டத்தொடர் தொடங்கியதும் அலுவல் ஆய்வுக் குழு கூடி, எந்தத் தேதியில் எந்தத் துறை என்று முடிவு செய்துவிடும். எனக்கு அந்த அட்டவணைதான் பஞ்சாங்கம். 40 வருகிற நாளுக்கு 10 நாள் முன்பே எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு போய்விடும். ஏரியின் பெயர், ஆயக்கட்டு, எந்த மதகு, எவ்வளவு தூரம் கரை பலவீனம் என்று நான்கு வரி. நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டோம். விவாத நாளில் குறிப்பு போய்ச் சேர்ந்தால் பயனில்லை. பேசுகிறவர்கள் பட்டியலும், அவர்கள் பேசப்போவதும் அதற்குள் முடிவாகியிருக்கும். விவாதத்தின் முடிவில் அமைச்சர் பதிலுரை தந்து புதிய அறிவிப்புகளை வாசிப்பார். அந்த அறிவிப்புகளையும், அன்றே அவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டால், அடுத்த ஓராண்டுக்கு அதிகாரிகளிடம் போய் நிற்க அதைவிட நல்ல கைத்தாங்கல் கிடையாது. "பக்கம் இத்தனையில் நம்ம ஏரி பேரு இருக்குங்க ஐயா" என்று நீட்டினால், பேச்சு வேறு மாதிரி ஆகிறது.

நிரலில் முதலில் வருவது வினாக்கள், விடைகள். அதற்கான ஒரு மணி நேரத்தில் பட்டியலில் இருக்கிற எல்லாக் கேள்வியும் வாயால் கேட்கப்படாது. கீழே இருப்பவை நேரம் கிடைக்காமல் நின்றுவிடும். எங்கள் கேள்வி ஒருமுறை பட்டியலில் வந்தபோது ஊரே மகிழ்ந்தது. அன்று அவையில் முறை வரவில்லை. ஆனால் முறை வராத கேள்விக்கும் விடை அச்சில் வந்துவிடும். அவையில் பேசினால்தான் பதில் என்று நினைத்து நாங்கள் மனம் ஒடிந்திருந்த அந்த இரண்டு நாள் தேவையே இல்லாதது. 2022 ஜனவரியிலிருந்து வினா நேரத்தை நேரலையில் பார்க்க முடிகிறது. நிரலைக் கையில் வைத்துக்கொண்டு நேரலையைப் பார்ப்பது தனி அனுபவம். எந்த வரி எவ்வளவு நேரம் எடுக்கிறது, எது நொடியில் முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

பெரும்பாலோர் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் ஒரு வரி உண்டு: அவை முன் வைக்கப்பெறும் ஏடுகள். என்னைக் கேட்டால், முழு நிரலிலும் இதற்குத்தான் முதலிடம். அரசுக் கணக்கைச் சரிபார்க்கிற தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) அறிக்கைகள், விசாரணை ஆணைய அறிக்கைகள், துறைகளின் ஆண்டறிக்கைகள், விதித் திருத்தங்கள் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் பொதுமக்கள் கைக்கு வருகின்றன. 2022 அக்டோபர் 18 அன்று, தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையும், ஜெயலலிதா மரணம் பற்றிய ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையும் ஒரே நாளில் அவையில் வைக்கப்பட்டன. நாடே பேசிய இரண்டு அறிக்கைகளுக்கும் வாசல் அதே வரிதான். தணிக்கை அறிக்கையில் பாசனப் பணிகள் பற்றி வரும் பகுதிகளை நான் ஒன்று விடாமல் படிக்கிறேன். எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்ற கணக்கை அங்கே பார்த்த அளவுக்கு வேறு எங்கும் பார்த்ததில்லை.

இனிக் குறைகள். மனம் வருந்தித்தான் எழுதுகிறேன்.

பேரவை விதிகளில் 110ஆவது விதியின் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ பேரவைத் தலைவரின் இசைவோடு ஓர் அறிக்கை படிக்கலாம். அதன்மேல் விவாதம் கிடையாது. 2011 முதல் 2016 வரை ஜெயலலிதா ஏராளமான திட்டங்களை இந்த விதியின் கீழ்தான் அறிவித்தார். பிறகு வந்தவர்களும் அதைக் கைவிடவில்லை. என்ன அறிவிப்பு வரும் என்று முன்கூட்டியே தெரியாதபோது, என்னைப் போல நிரலை நம்பி ஆயத்தமாகிறவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பெரிய பணம் செலவாகும் திட்டத்தைப் பற்றி ஓர் உறுப்பினரும் ஒரு கேள்வி கேட்காமல் முடிந்துபோவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதையே சொல்வேன்.

அடுத்தது, என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்றைய நிரலில் சட்டமுன்வடிவுகள் (மசோதாக்கள்) வரிசை கட்டி நின்றன. ஊரில் எல்லோரும் பேசியது 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைகள் திருத்தத்தைப் பற்றித்தான். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பும் வந்தது. என் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது. அதே நாளில் விவாதமின்றி நிறைவேறிய இன்னொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு. வருவாய்த் துறை, நில ஒருங்கிணைப்பு என்று தலைப்பைப் பார்த்ததும் பட்டா சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று கடந்துவிட்டேன். 100 எக்டேருக்குக் குறையாத ஒரு திட்டத்தின் பரப்புக்குள் ஏரியோ வாய்க்காலோ வந்தால், அந்த நிலத்தை எப்படித் திட்டத்தோடு இணைக்கலாம் என்பதைச் சொல்லும் சட்டம் அது. நீரின் கொள்ளளவு குறையக் கூடாது, நிபுணர் குழு பார்க்க வேண்டும், மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதில் இருக்கின்றன. போதுமா போதாதா என்பதைப் பேச வேண்டிய இடம் அவைதான். அங்கே பேசப்படவில்லை. ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதல் தந்தார், 2024 அக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஏரியைக் காக்கவென்றே ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, ஏரியைப் பற்றிய சட்டத்தை நான் தலைப்பிலேயே தவறவிட்டேன். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இதை ஒப்புக்கொண்டேன். தலைவர், "விடு தம்பி, இனிமே உள்ளே படி" என்றார். அன்றிலிருந்து துறைப் பெயரைப் பார்த்து எதையும் ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு சட்டமுன்வடிவையும் இறக்கி ஏரி, குளம், வாய்க்கால், நீர்நிலை, புறம்போக்கு என்ற ஐந்து சொற்களைத் தேடுகிறேன். தொடரின் கடைசி இரண்டு நாட்களுக்குச் சங்கத்தில் இன்னும் இரண்டு பேர் என்னோடு உட்காருகிறார்கள். ஆனாலும் ஓர் இரவில் ஒரு விவசாயி எத்தனை சட்டம் படிக்க முடியும்? ஒரு சட்டமுன்வடிவு அறிமுகமாவதற்கும் நிறைவேறுவதற்கும் நடுவில் சில நாட்களாவது இருக்க வேண்டும். இதற்கு மாற்றான கருத்தே எனக்குக் கிடையாது.

ஒரே ஒரு வரியோடு வந்த நிரல்களும் நினைவில் நிற்கின்றன. 2017 பிப்ரவரி 18: நம்பிக்கை கோரும் தீர்மானம், அவ்வளவுதான். அன்று நடந்த அமளியையும், முடிவில் 122-க்கு 11 என்று வந்த எண்ணிக்கையையும் அந்த ஒரு வரியிலிருந்து யாரால் ஊகித்திருக்க முடியும்? அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 23 அன்று, காலையில் ஆளுநர் உரை, மாலையில் சிறப்புக் கூட்டம் கூடி ஜல்லிக்கட்டுச் சட்டமுன்வடிவு. 2023 நவம்பர் 18: ஆளுநர் திருப்பி அனுப்பிய 10 சட்டமுன்வடிவுகளை மறுபடி நிறைவேற்றுவதற்காகவே ஒரு சனிக்கிழமை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது அந்தப் பத்தைப் பற்றித்தான். அந்த நாட்களின் தாள்களை மட்டும் கிழிக்காமல் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஏப்ரல் வரை போட்டிருந்த அட்டவணை ஊரடங்கால் 24ஆம் தேதியோடு முடிந்தது. அந்த ஆண்டு எங்கள் குறிப்பு உறுப்பினரின் மேசையிலேயே இருந்துவிட்டது. செப்டம்பரில் கலைவாணர் அரங்கில் மூன்று நாள் கூடியபோது எடுத்துப் போனோம். மூன்று நாளில் எங்கள் மதகுக்கு எங்கே இடம்?

தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். தினமும் முழுதாகப் படிக்க வேண்டாம், அலுத்துவிடும். உங்கள் தொழிலுக்கோ ஊருக்கோ உரிய மானியக் கோரிக்கை எண்ணைக் கண்டுபிடித்து, அந்த ஒரு நாளை மட்டும் முதல் ஆண்டில் முழுதாகப் பின்தொடருங்கள். இரண்டாம் ஆண்டில் ஏடுகள் வரியைச் சேருங்கள். சட்டமுன்வடிவுகளை மூன்றாம் ஆண்டு வரை தள்ளிப்போடாதீர்கள், நான் பட்டது போதும். எனக்கு இரண்டு விருப்பங்கள் உண்டு. நிரலில் சட்டமுன்வடிவின் பெயருக்குக் கீழே, அது எதைப் பற்றியது என்று எளிய தமிழில் இரண்டு வரி இருந்தால் என்னைப் போல யாரும் தலைப்பில் ஏமாற மாட்டார்கள். வினாப் பட்டியலை மாவட்ட வாரியாகவும் பார்க்க வழி இருந்தால், ஊர்ப் பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்காது.

சித்தேரி மதகு நான்காவது ஆண்டில் சரியானது. ஊரக வளர்ச்சித் துறை நிதியில். பெரிய ஏரியின் தெற்குக் கரை இன்னும் பாக்கி. அடுத்த அட்டவணை வந்ததும் 40-க்கு நேரே உள்ள தேதிக்கு 10 நாள் முன்பாக ஒரு பக்கக் குறிப்பு போகும். எழுதி வைத்துவிட்டேன்.