டிரினிட்டி, கர்ட்டன், சர்ச்சில்: கேம்பிரிட்ஜில் எங்கே தங்குவது?

கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கும் வீடுகளில் படிப்பு எது என்பது சீக்கிரம் முடிவாகிவிடும். கல்லூரி எது என்பதில்தான் இழுபறி. அங்கே விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அறை, சாப்பாடு, ஓரிருவராக உட்கார்ந்து ஆசிரியரிடம் பாடம் கேட்கும் 'சூப்பர்விஷன்' ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. மொத்தம் 31 கல்லூரிகள். எதில் சேர்ந்தாலும் இயற்பியல் விரிவுரைக்கு ஒரே அரங்கில்தான் போய் உட்கார வேண்டும். ஆகவே கல்லூரியைத் தேர்வது என்பது பெரும்பாலும் எங்கே தூங்குவது, என்ன சாப்பிடுவது, எவ்வளவு தூரம் சைக்கிள் மிதிப்பது என்று முடிவு செய்வதுதான். நம்மவர்களோ பெயரைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் டிரினிட்டி.

அதற்குக் காரணமும் இருக்கிறது. ராமானுஜன் இருந்த இடம். 1930இல் சென்னையிலிருந்து போன வானியற்பியலாளர் சந்திரசேகர் ஆய்வு செய்து ஃபெலோ, அதாவது கல்லூரியின் ஆய்வு உறுப்பினர், ஆன இடம். 1546இல் எட்டாம் ஹென்றி, மைக்கேல்ஹவுஸ், கிங்ஸ் ஹால் என்ற இரண்டு பழைய கல்லூரிகளை இணைத்து இதை நிறுவினார். சில வாரங்களில் இறந்தும் போனார். வாசல் கோபுரத்தில் அவருடைய சிலை நிற்கிறது. கையில் செங்கோல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலிக் கால். யாரோ மாணவர்கள் செய்த குறும்பை யாரும் சரிசெய்யவில்லை. உள்ளே நுழைந்தால் கிரேட் கோர்ட் முற்றம், அதைத் தாண்டி 1695இல் முடிந்த ரென் நூலகம். ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' எனப்படும் தாள்களை 1976இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது இந்த நூலகத்தில்தான்.

ஆனால் அதே ராமானுஜன் இங்கே எப்படி வாழ்ந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1914இல் வந்தவர், பிறகு தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள ஹியூவெல்ஸ் கோர்ட்டில் குடியேறினார். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடம் சைவ உணவு மட்டுமே சாப்பிடும் அவருக்குப் பயன்படவில்லை. அறையிலேயே சமைத்தார்; ஊரிலிருந்து பொட்டலம் வர வேண்டும், அதுவும் போர்க்காலத்தில். ஒருநாள், பின்னாளில் புள்ளியியலாளராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் வந்து, ராத்திரி குளிர் எப்படி என்று கேட்டிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையும் போர்த்திப் படுப்பதாகப் பதில். படுக்கையில் கம்பளிகள் இருந்தன. அவை மெத்தைக்கடியில் இறுக்கமாகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு போட்டு மூடியிருந்தன. அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 1917இல் நோயில் விழுந்தார். 1918இல் ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது கல்லூரி. 1920இல் அவர் இல்லை.

இன்று எல்லாக் கல்லூரிகளிலும் சைவ உணவு கிடைக்கிறது. அறை சூடாகவும் இருக்கும். டிரினிட்டி கேம்பிரிட்ஜிலேயே பணக்காரக் கல்லூரி. ஃபீலிக்ஸ்டோ துறைமுக நிலம் உட்படப் பெரிய சொத்து. அந்தப் பணம் மாணவருக்கு உதவித்தொகையாகவும் பயணச் செலவாகவும் வந்து சேர்கிறது. எல்லாம் நடக்கும் தூரம். ஆனால் பழைய கட்டடங்கள் படிக்கட்டு வாரியாகப் பிரிந்தவை. சமையலறை என்று இருப்பது பல இடங்களில் சின்ன மூலை. தினமும் தாளித்துச் சாப்பிட நினைப்பவர் ஏமாறுவார். சுற்றுலாக் கூட்டமும் வாசலில் நிற்கும். புல்தரையில் கால் வைக்கக் கூடாது, அது ஃபெலோக்களுக்கு.

கர்ட்டன் இதற்கு நேர் எதிர். 1869இல் எமிலி டேவிஸ், பார்பரா போடிசான் முதலியோர் ஹிட்சின் ஊரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து மாணவிகளுடன் தொடங்கினார்கள். 1873இல் கர்ட்டன் கிராமத்துக்கு வந்தது. ஆண்கள் கல்லூரிகளிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடத்தில் படிக்கட்டுப் பிரிவுகள் கிடையாது, நீண்ட நடைகூடங்கள்தான். மழையில் நனையாமல் அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்விடலாம். ஒவ்வொரு மாணவிக்கும் படிக்க ஓர் அறை, படுக்க ஓர் அறை. ஊர் தொலைவு என்பதால் மாணவிகளே தீயணைப்புப் படையும் வைத்திருந்தார்கள்.

என் மரியாதை முழுவதும் இந்தக் கல்லூரிக்குத்தான். 1880இல் ஷார்லட் ஸ்காட் கணிதத் தேர்வில் எட்டாம் இடத்துக்கு இணையாக வந்தார். முடிவு வாசித்தபோது அவர் பெயரைச் சொல்லவில்லை, கூடியிருந்த ஆண் மாணவர்கள் 'கர்ட்டனின் ஸ்காட்' என்று கத்தினார்கள். 1887இல் செவ்வியல் மொழித் தேர்வில் முதல் வகுப்பின் முதல் பிரிவில் தேறியவர் கர்ட்டனின் அக்னாட்டா ராம்சே ஒருவரே. மறுவருடம் அவர் டிரினிட்டியின் தலைவரையே மணந்துகொண்டார்! ராமானுஜன் வந்தபோதும் அந்தத் தலைவர்தான். இவ்வளவுக்கும் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகம் 1948 வரை இழுத்தது. 1979இல் கர்ட்டன் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

வசதியில் கர்ட்டன் குறைந்ததில்லை. 1900இல் கட்டிய உள்ளரங்க நீச்சல் குளம், பழத்தோட்டம், வளாகத்திலேயே விளையாட்டு மைதானம். குறை ஒன்றே, தூரம். கேம்பிரிட்ஜ் முழுக்கச் சமதரை. இருக்கிற ஒரே ஏற்றமான காசில் ஹில் கர்ட்டன்காரர் வழியில் நிற்கிறது. காலையில் இறக்கம், ஆய்வகம் முடிந்து களைத்துத் திரும்பும்போது ஏற்றம். ஜனவரி மழையில் இருபது நிமிடம் மிதிக்கத் தயங்குபவர் இங்கே வரக் கூடாது.

சர்ச்சில் கல்லூரி இரண்டுக்கும் நடுவில், காசில் ஹில் பக்கத்துச் சரிவுக்கு மேலே. வின்ஸ்டன் சர்ச்சிலின் தேசிய நினைவாக 1960இல் நிறுவப்பட்டது. மாணவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அறிவியல், பொறியியல், கணிதம் என்பது தொடக்கத்திலேயே வகுத்த விதி. 42 ஏக்கர். கட்டடங்கள் செங்கல்லும் கான்கிரீட்டும், புகைப்படத்தில் எடுபடாது. தேவாலயம் கட்டுவதை எதிர்த்து 1961இல் டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் ஃபெலோ பதவியை விட்டு விலகினார். கடைசியில் தேவாலயம் வளாகத்தின் கோடியில் போய் ஒதுங்கியது. ஆண்கள் கல்லூரிகளில் முதலில் பெண்களைச் சேர்த்த மூன்றில் இதுவும் ஒன்று, 1972இல். புல்லில் நடக்கலாம், உட்காரலாம்.

வங்காளப் பஞ்சத்தை மறக்காத நமக்கு அந்தப் பெயர் தொண்டையில் சிக்கும் என்பது உண்மை. சர்ச்சிலின் பேரரசுப் பார்வையை விவாதிக்கக் கல்லூரியே அமைத்த குழு 2021இல் கலைந்ததும் நல்ல அடையாளமில்லை. ஆனாலும் கணிதத் துறை நடக்கும் தூரம், இயற்பியல் துறையான கேவண்டிஷ் ஆய்வகம் சில நிமிட சைக்கிள் தூரம், மைதானம் வாசலில். பொறியியல், இயற்பியல் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வரலாறோ இலக்கியமோ படிப்பவர் தனித்துவிடலாம். கணிதத்தில் மூழ்கி, தன்னைப் போன்ற பலரோடு மல்லுக்கட்டவும் தயார் என்றால் டிரினிட்டி. விண்ணப்பங்கள் அங்கே குவியும் என்பது தெரிந்தே போக வேண்டும். அமைதியும் தனிமையும் தேடுபவருக்குக் கர்ட்டன்.

இன்னொன்று. ஒரு கல்லூரியில் இடமில்லாத நல்ல விண்ணப்பங்கள் குளிர்காலப் பொதுத் தொகுப்புக்குப் போகும். அங்கிருந்து பிற கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும். கர்ட்டன் அப்படிப் பலரை எடுக்கிறது. டிரினிட்டிக்குப் போட்டுவிட்டு ஜனவரியில் கர்ட்டனிலிருந்து கடிதம் வந்தால் வீட்டில் முகம் சுளிக்க வேண்டாம். பட்டச் சான்றிதழை இரண்டு பேருக்கும் கொடுப்பது ஒரே பல்கலைக்கழகம். செய்ய வேண்டியது, கியர் உள்ள சைக்கிளாகப் பார்த்து வாங்குவது.