ஆளை நீக்கினேன், சீட் போகவில்லை

எங்கள் டீமில் ஐந்து பேர். ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) சோதிக்கும் ஒரு கருவிக்கு, ஆளுக்கு ஒரு சீட் என்ற கணக்கில், மாதாமாதம் சந்தா கட்டிவந்தோம். நடுவில் ஒரு ரிலீஸ் நெருக்கடி. இரண்டு வாரத்துக்கு மூன்று டெஸ்டர்கள் கூடுதலாக வந்தார்கள். இன்வைட் பட்டனை அழுத்தி அவர்கள் மின்னஞ்சலைப் போட்டேன், உள்ளே வந்துவிட்டார்கள். பணத்தைப் பற்றி அந்தத் திரையில் ஒரு வார்த்தை இல்லை. இலவசம்போல என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அது என் மடத்தனம்.

மாதக் கடைசியில் எட்டுப் பேருக்கு பில். சரி, பயன்படுத்தினோம், கட்டினோம். வேலை முடிந்த அன்றே மூவரையும் நீக்கிவிட்டேன். அடுத்த மாதமும் எட்டு. அதற்கடுத்ததும் எட்டு. திரையிலோ ஐந்து பெயர்தான்! சப்போர்ட்டுக்கு எழுதினால் நான்கு நாள் கழித்துப் பதில்: ஆளை நீக்குவது வேறு, சீட்டைக் குறைப்பது வேறாம். கூட்டுவது எந்த நேரமும் ஒரே கிளிக்கில் நடக்கும். குறைப்பது வருடப் புதுப்பித்தலில் மட்டும், அதுவும் 30 நாள் முன்பே எழுதிக் கொடுத்தால்.

வருடமா? விலைப் பக்கத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். பெரிய எழுத்தில் மாதத் தொகை. அதன் கீழே வெளிர்சாம்பலில், வருட ஒப்பந்தம், மாதத் தவணை. இதே மாதிரித் திட்டத்துக்காகத்தான் 2024 ஜூனில், நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசியின் பரிந்துரையில், அமெரிக்க அரசு ஃபோட்டோஷாப் நிறுவனமான அடோபி மீது வழக்குப் போட்டது. முதல் வருடத்தில் பாதியில் விலகினால் மீதித் தவணையில் பாதியைக் கேட்பதைச் சரியாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு.

அப்போது எங்களுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. ஏற்கெனவே போன இரண்டையும் சேர்த்தால் மூன்று காலி சீட்டுக்கு ஒன்பது மாதக் காசு. அதில் எங்கள் ஐவருக்கும் ஐந்து மாதம் ஓட்டியிருக்கலாம். கார்டை முடக்கிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யாதீர்கள். கார்டு நின்றாலும் ஒப்பந்தம் நிற்காது, பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

சந்தாவே மோசடி என்று சொல்ல வரவில்லை. கோடு எழுதும் கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் 2015இல் சந்தா முறையை அறிவித்தபோது டெவலப்பர்கள் கொதித்தார்கள். பிறகு இறங்கிவந்து, 12 மாதம் தொடர்ந்து கட்டியவர் நிறுத்தினாலும் ஒரு பதிப்பு அவருக்கே என்று மாற்றினார்கள். எங்கள் கருவியில் நிறுத்தினால் நாம் எழுதிவைத்த டெஸ்ட்களைத் திறக்கக்கூட முடியாது. அதனால் இப்போது வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து கிட்டில் (கோப்புகளை, பழைய வடிவங்களோடு, நம்மிடமே சேமித்துவைக்கும் மென்பொருள்) போட்டுவிடுகிறோம். இன்வைட் உரிமையும் என் ஒருவனிடம்தான்.

புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே, விலகுகிறோம் என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது (இந்த முறை நான்கு நாள் ஆகவில்லை): தொடர்ந்தால் சிறப்புத் தள்ளுபடி உண்டு, எட்டு சீட்டுக்கும்.